குளத்தில் இறங்குமுன்

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிப் பத்மதீர்த்தம் இருக்கிறது. நகருக்கு வெளியே பிரப்பன்கோட்டில், 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளின் நீச்சல் நடந்த குளம் இருக்கிறது. தீர்த்தம் தன்னைத் தூய்மையாக்கும் என்று பக்தர் நம்புகிறார். எல்லாவற்றையும் குளோரின் பார்த்துக்கொள்ளும் என்று நீந்துபவர் நம்புகிறார். இருவருமே பொறுப்பை நீரின் தலையில் கட்டிவிடுகிறார்கள். தூய்மை நீரின் குணமல்ல, அதில் இறங்குபவரின் கடமை என்றே நான் கருதுகிறேன். இதற்கு வலுவான சான்று, கூரைக்கடியில் இருக்கும் நீச்சல் குளம்.

50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 25 லட்சம் லிட்டர். அவ்வளவையும் தினமும் மாற்ற முடியாது; அதே நீர்தான் வடிகட்டி வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்தால் குளோரமின் உண்டாகிறது. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறும் நெடியும் கண்ணெரிச்சலும் பெரும்பாலும் இதன் வேலைதான். குளோரின் அதிகம் என்று நாம் தவறாகச் சொல்கிறோம். திறந்தவெளியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும், கூரைக்கடியில் நீரின் மேலேயே தங்கிவிடும். அதைக் குறைக்கப் பழைய நீரைக் கொஞ்சம் வெளியேற்றிப் புது நீர் விட்டாக வேண்டும். குளிப்பவர் ஒருவருக்கு 30 லிட்டர் என்கிறது ஜெர்மனியின் தரவிதி. இந்நகரில் குழாய்நீரை விட்டால் அது அருவிக்கரையில் கரமனை ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த குடிநீர். அழுக்கோடு இறங்குபவர் பிறர் குடிக்க வேண்டியதைச் செலவழிக்கிறார்.

குளிக்குமுன் சுத்தம் என்ற பேச்சிலேயே சாதி வாடை அடிக்கிறதே என்று சிலர் கேட்கலாம். நியாயமான ஐயம். நீரில் துப்பாதே, சிறுநீர் கழிக்காதே என்று சொல்லும் மனுஸ்மிருதிதான் மனிதரைப் பிறப்பால் பிரித்தது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை கோயில் வாசலே பலருக்கு அடைத்துக் கிடந்தது. ஆனால் பிறப்பின் தீட்டை எந்தச் சோதனையும் நீரில் கண்டதில்லை. யூரியாவைக் காணலாம், அது யார் உடம்பிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். செயலைக் கேட்கும் விதி நம்பூதிரிக்கும் புலையருக்கும் ஒன்றாகவே பொருந்தும். பிறப்பைக் கேட்கும் விதியைத் தள்ளிவிட்டு இதை வைத்துக்கொள்வதில் முரண் இல்லை.

குளத்தில் இறங்குமுன் ஷவரில் குளிப்பதே தண்ணீர்ச் செலவுதானே என்பார்கள். உடலின் அழுக்கில் பெரும்பகுதி ஷவரின் முதல் நிமிடத்திலேயே போய்விடுகிறது என்று நெதர்லாந்து ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த நீரைத் தனியாகப் பிடித்துக் கழிப்பறைக்கு விடலாம். குளத்தில் கரைந்த அழுக்கை அப்படித் தனியே பிடிக்க வழியில்லை. அது 25 லட்சம் லிட்டரிலும் பரவியிருக்கும்.