கொட்டிக் கிடப்பதற்கு மதிப்பில்லையா?

ஆங்கிலத்தில் ஒரு பழைய சொலவடை உண்டு: பிளாக்பெர்ரிப் பழம்போல ஏராளம். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்திலேயே ஃபால்ஸ்டாஃப் இந்த உவமையைக் கையாள்கிறான். விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில் (1837–1901) இது பத்திரிகைகளிலும் நாவல்களிலும் தாராளமாகப் புழங்கியது. எங்கு பார்த்தாலும் கிடைப்பது, ஆகவே பெரிதாக மதிக்க வேண்டாதது என்று பொருள். தமிழில் ‘அதான் கொட்டிக் கிடக்கே’ என்கிறோமே, அந்தத் தொனி. இந்தச் சொலவடையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழும். கொட்டிக் கிடக்கிறது என்று சொன்னவர் யார்? முள்ளுக்குள் கைவிட்டுப் பறித்தவரா, கிண்ணத்தில் வந்ததைச் சாப்பிட்டவரா?

பிளாக்பெர்ரி வேலியோரத்தில் தானாக முளைத்துப் படரும் முட்செடி. காய் பச்சையாக இருந்து, சிவந்து, பிறகு கறுக்கும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். எல்லாம் ஒரே நாளில் பழுக்காததால் அதே புதருக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். வளைந்த முள் தோலைக் கிழிக்கும், பாவாடையைப் பிடித்து இழுக்கும். அழுத்திப் பிடித்தால் பழம் நசுங்கும். ஓரிரு நாள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பறித்த கையோடு அடுப்பில் ஏற்றியாக வேண்டும். செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாளுக்குப் பிறகு பிசாசு இந்தப் பழங்களின் மேல் துப்பிவிடும், தின்னக்கூடாது என்று கிராமங்களில் ஒரு நம்பிக்கை இருந்தது. ஈரமும் குளிரும் சேர்ந்த பருவத்தில் பழம் கெட்டுப்போகும் என்ற சமையலறை அறிவு அந்தக் கதைக்குள் இருக்கிறது.

அந்த வேலிகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 18-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நூறாண்டுக்கும் மேலாக பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயிரக்கணக்கான சட்டங்களை இயற்றி, ஊர்ப் பொதுநிலங்களை அடைத்துத் தனியுடைமையாக்கியது. அதுவரை ஏழைக் குடும்பத்துப் பெண்கள் அங்கே ஒரு மாட்டை மேய்த்தார்கள், விறகு பொறுக்கினார்கள். அடைப்புக்காக நட்ட வேலிகளில் பறவைகள் விதை போட, முட்செடி படர்ந்தது. நிலம் கைவிட்டுப் போனது. வேலியோரத்துப் பழம் மிஞ்சியது. வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அதைப் பறிப்பது ஒரு நாள் உல்லாசம். கூலிக்காரன் வீட்டில் அது குளிர்காலத்துக்கான ஜாம், அல்லது வியாபாரியிடம் விற்றுக் கிடைக்கும் சில்லறை. 1874-இல் சர்க்கரை மீதான வரி நீக்கப்பட்டதும் ஜாம் ஏழைகளின் ரொட்டிக்கும் எட்டியது.

இந்த உழைப்பு எந்த ஏட்டில் பதிவானது? பள்ளிக் குறிப்பேடுகளில். 1862-இல் வந்த கல்வி விதிகளின்படி, பிள்ளைகளின் வருகையையும் தேர்ச்சியையும் வைத்தே பள்ளிகளுக்கு அரசு மானியம் கிடைத்தது. அதனால் யார் ஏன் வரவில்லை என்று தலைமையாசிரியர்கள் எழுதிவைத்தார்கள். கதிர் பொறுக்க, உருளைக்கிழங்கு தோண்ட, பிளாக்பெர்ரி பறிக்க, தாய் வேலைக்குப் போனதால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று இலையுதிர்காலப் பக்கங்கள் நிறையும். 1880-இல் 5 முதல் 10 வயதுவரை பள்ளி வருகை கட்டாயமான பிறகும் அது நிற்கவில்லை. சிறுமி செய்த வேலை, அவள் வராத நாளாகத்தான் ஏட்டில் ஏறியது.

அவளுடைய தாயின் கணக்கு இன்னும் மோசம். 1870-இல் மணமான பெண்களின் சொத்துச் சட்டம் வரும்வரை, பழம் விற்று அவள் பெற்ற காசு சட்டப்படி கணவனுடையது. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கூலியில்லாமல் வீட்டுவேலை செய்த மனைவிகளைத் ‘தொழிலற்றோர்’ வகுப்பில் சேர்த்தது. பறித்தாள், ஆய்ந்தாள், காய்ச்சினாள், ஜாடியில் அடைத்தாள். தொழில் என்ன? ஒன்றுமில்லை.

ஏராளமானதற்கு மதிப்பில்லை என்ற நினைப்பு பழத்தோடு நிற்கவில்லை. 1851 கணக்கெடுப்பில் பிரிட்டனில் ஆண்களைவிடப் பெண்கள் சுமார் 5 லட்சம் பேர் அதிகம் என்று தெரிந்தது. டபிள்யூ. ஆர். கிரெக் 1862-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, பெண்கள் ஏன் உபரியாக இருக்கிறார்கள் என்பதுதான். மணமாகாத பெண்களைக் குடியேற்ற நாடுகளுக்கு அனுப்பலாம் என்றார். வீட்டு வேலைக்காரிகளை மட்டும் அவர் உபரியில் சேர்க்கவில்லை. அவர்கள் ஆண்களுக்குப் பணிவிடை செய்கிறார்களாம். தனக்காக வாழ்பவள் உபரி, பிறருக்காகத் தேய்பவள் தேவை. ஃபிரான்ஸஸ் பவர் காப் அதே ஆண்டில் இதற்கு மறுப்பு எழுதினார். திருமணம் மட்டுமே பெண்ணுக்கு வழி என்றாக்கினால் அந்தத் திருமணத்துக்கே மதிப்பிராது என்பது அவர் வாதத்தின் சாரம்.

எனக்கு மிகவும் பிடித்த எலிசபெத் பாரட் பிரௌனிங்கிடமும் இந்தப் பழம் வருகிறது. ‘அரோரா லீ’ (1856) ஒரு பெண் கவிஞரின் கதையைச் சொல்லும் நெடுங்கவிதை. சாதாரணப் புதரிலும் கடவுளின் நெருப்பு எரிவதைக் கண்டு செருப்பைக் கழற்றுபவர்கள் சிலரே என்றும், மற்றவர்கள் அதைச் சுற்றி உட்கார்ந்து பிளாக்பெர்ரி பறிப்பவர்கள் என்றும் அதில் ஓரிடம் உண்டு. உறைத்துப்போன கண்களைத்தான் அவர் சாடுகிறார், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் இடறுகிறது. சுரங்கத்திலும் ஆலையிலும் வாடிய குழந்தைகளுக்காக 1843-இல் கவிதை எழுதியவர் அவர். பார்வையற்றவர்களுக்கு உவமை தேடியபோது அவருக்கும் பழம் பறிப்பவர்கள்தான் கிடைத்தார்கள். எந்தப் பழம் இன்று கனியும், எது நாளைக்கு, எந்த முள் எந்தப் பக்கம் வளையும் என்று அறிந்த கைக்கு அந்தப் புதர் தெரியாது என்று எப்படிச் சொல்வது? வயிற்றுக்காகப் பார்ப்பதும் பார்ப்பதுதானே?

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் விலை வைக்கச் சொல்கிறாயா? வேலியோரத்தில் நாக்கு ஊதாவாகும்வரை தின்ற குழந்தையிடமும் கணக்குக் கேட்பாயா? கேட்கமாட்டேன். யாருக்கும் சொந்தமில்லாத பழம் உலகில் இருப்பது நல்லது. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டம்கூடக் காட்டுப்பழம் பறிப்பதைத் திருட்டாகக் கொள்வதில்லை, விற்பதற்காகப் பறித்தால் தவிர. பொதுவானதை வணிகத்திடமிருந்து காக்கும் நியாயம் அதில் உண்டு. ஆனால் பெண்ணின் உழைப்பையும் உலகம் இதே விதியால்தான் அளந்துவருகிறது. வீட்டுக்காகச் செய்யும்வரை அது அன்பு, இயல்பு, குற்றமற்றது. காசு கேட்ட அன்றே அவள்மேல் சந்தேகம்.

செடி தன் பழத்தை மறுக்க முடியாது. பெண்ணால் முடியும், முடிய வேண்டும். கொடை என்பது ‘தரமாட்டேன்’ என்று சொல்ல முடிந்தவர் தருவது. அப்படிச் சொல்ல வழியே இல்லாதவரிடமிருந்து வருவதைக் கொடை என்றோ இலவசம் என்றோ அழைப்பது, பெற்றுக்கொள்பவரின் வசதி. ஆகவே நான் கேட்பது விலையை அல்ல. எது ஏராளம், எது இலவசம் என்று தீர்மானிக்கும் இடத்தில் தருபவளும் இருக்க வேண்டும்.

விக்டோரியா கால நாவல்களைப் பாடமாகப் படிக்கும் மாணவிகள் நம்மில் பலர். தேநீர் மேசைக்கு ஒரு ஜாடி ஜாம் வரும் பக்கத்தில் சற்று நில்லுங்கள். கதாநாயகி என்ன பேசுகிறாள் என்பதோடு, அந்த ஜாமுக்காக எந்தச் சிறுமி அன்று பள்ளிக்குப் போகவில்லை என்றும் கேளுங்கள்.