மனம் மறுக்கும் முதல் இருபது நிமிடங்கள்

ஒவ்வொரு செப்ரெம்பர் மாதத்திலும் எமது பிள்ளைகள் பாடசாலையிலிருந்து ஒரு தாளுடன் வீட்டுக்கு வருகிறார்கள். ரெரி பொக்ஸ் ஓட்டத்துக்குப் பணம் வேண்டும் என்கிறார்கள். நாமும் ஒரு ரூனியைக் கொடுத்து அனுப்பிவிட்டு எமது வேலையைப் பார்க்கிறோம். அந்த இளைஞர் எப்படி ஓடினார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவுக்குப் பெற்றோரில் பலருக்குத் தெரியாது. ஆனால் மனவுறுதி எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு நாம் குடியேறிய இந்தக் கனடாவிலேயே கிடைக்கும் நல்ல விளக்கம் அவருடைய கதை.

1977இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயினால் ரெரி பொக்ஸின் வலது கால் முழங்காலுக்கு மேலே துண்டிக்கப்பட்டது. 1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூபவுண்லாந்தில் அத்திலாந்திக் கடலில் தம் செயற்கைக் காலை நனைத்துவிட்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர், அதாவது ஒரு முழு மரதன் ஓட்டம். 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடினார்.

இந்த எண்களைக் கேட்டதும் நாம் மலைத்துப்போகிறோம். மலைத்த கையோடு, "அவர் வேறு, நாம் வேறு" என்று ஒதுங்கியும் விடுகிறோம். எமக்குப் பயன்படுவது அதற்கு முந்திய ஆண்டின் கதைதான். 1979இல் அவர் பயிற்சியைத் தொடங்கியபோது, வில் பொருத்திய செயற்கைக் கால் மறுபடி நிமிர்வதற்குச் சிறிது நேரம் எடுத்தது. ஆகையால் ஒவ்வோர் எட்டுக்கும் நல்ல காலால் ஒரு துள்ளல் கூடுதலாகத் துள்ள வேண்டியிருந்தது. கொப்புளமும் எலும்புக் கன்றலும் அன்றாடம் இருந்தன. ஆனால் ஒன்றை அவர் கண்டுகொண்டார்: ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடிய பின் வேதனை ஓர் எல்லையைக் கடக்கிறது, அதன்பின் ஓட்டம் இலகுவாகிறது. அந்தச் செப்ரெம்பரில் பிரின்ஸ் ஜோர்ஜ் நகரில் 27 கிலோமீற்றர் போட்டியில் ஓடினார். கடைசி ஆளாகத்தான் வந்தார். ஆனால் முழுத் தூரத்தையும் ஓடி முடித்தார்.

மனம் மறுப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். அது வழி நெடுகிலும் ஒரே அளவாக நிற்பதில்லை. வாசற்படியில்தான் அதன் முழுப் பலமும் இருக்கிறது. பிள்ளைகள் அழைத்து இங்கு வந்து சேர்ந்த ஒரு தாயாரை எண்ணிப் பார்ப்போம். தை மாதக் குளிரில் ஆங்கில வகுப்புக்குப் போக வேண்டும். சப்பாத்து, கோட்டு, கையுறை எல்லாம் போட்டு, பஸ் தரிப்பிடத்தில் நின்று, தெரியாத மொழியில் வாய் திறக்க வேண்டும். வீட்டில் இருந்து நினைக்கையில் அது மலைபோல் தெரிகிறது. வகுப்பில் போய் அமர்ந்து அரை மணித்தியாலத்தில், பக்கத்திலிருக்கும் சீனத்து அம்மாவுடன் கை காட்டிப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். கஷ்டம் முழுவதும் சோபாவுக்கும் கதவுக்கும் இடையில் இருந்தது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அழுதுகொண்டு போகும் பிள்ளையும் காரை விட்டு இறங்கும் வரைதான் அழுகிறது. (கொண்டுபோய் விடும் தகப்பன்மாரின் உற்சாகமும் அந்தக் காலை வேளையில் அதைவிட அதிகமில்லை என்பது வேறு கதை.)

ஆகவே உறுதியானவர் என்று நாம் சொல்லும் மனிதருக்குத் தயக்கம் குறைவு என்பதில்லை. இந்தத் தயக்கம் எவ்வளவு தூரம் கூட வரும், எங்கே நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும். பலமுறை கடந்தவருக்கே அது தெரியவரும்; பிறர் சொல்லிக் கொடுக்க இயலாது. திருக்குறளில் மடியின்மை, ஆள்வினையுடைமை என்ற அதிகாரங்களை அடுத்தே இடுக்கண் அழியாமை வருகிறது. அன்றாடச் சோம்பலை வென்று பழகியவனுக்கே பெருந்துன்பத்திலும் மனம் உடையாதிருக்கும் என்று அந்த வரிசையை நாம் படிக்கலாம்.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. எமது பேச்சில் "ஏலாது" என்றொரு சொல் உண்டு. விருப்பமில்லை என்பதற்கும் ஏலாது, சக்தியில்லை என்பதற்கும் ஏலாது, சுகமில்லை என்பதற்கும் ஏலாதுதான். மூன்றும் ஒரே குரலில் வரும்போது எதைத் தள்ளிக்கொண்டு முன்னே போவது, எதற்குத் தலைவணங்குவது?

ரெரி பொக்ஸுக்கும் இது எளிதாக இருக்கவில்லை. கணுக்கால் நோவுடன் மூன்று நாட்கள் ஓடிய பிறகே வைத்தியரிடம் போனார். ஓட்டத்தின்போது ஒழுங்கான வைத்தியப் பரிசோதனைகளுக்கும் மறுத்துவிட்டார். அவருடைய தியாகத்தைப் போற்றும் நாம் அந்த மறுப்பையும் சேர்த்துப் போற்ற வேண்டியதில்லை. 1980 செப்ரெம்பர் 1ஆம் திகதி, ஒன்ராறியோவின் தண்டர் பே நகருக்கு வெளியே, இருமலும் நெஞ்சு நோவும் மேலிட, ஓட்டத்தை நிறுத்தினார். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. அடுத்த ஆண்டு ஜூன் 28ஆம் திகதி, 22 வயதில் காலமானார். ஓட்டத்தை நிறுத்தியதற்காக அவரை மனவுறுதி இல்லாதவர் என்று எவரும் சொல்லவில்லை.

ஆனால் எம்மவரிடையே நாம் அப்படிச் சொல்கிறோம். யுத்தத்தில் உறவுகளை இழந்து வந்தவர், இரவிரவாக நித்திரையில்லாதவர், இரண்டு வேலை செய்து களைத்தவர், "ஏலாது" என்று வாய்விட்டுச் சொன்னால், "மனத்தைத் திடப்படுத்து, எல்லாம் சரியாகும்" என்பதே எம் பதிலாக இருக்கிறது. தன் மனத்தைத் தானே உந்தித் தள்ளுவது முயற்சி. அதே உந்தலைப் பிறர் முதுகில் பிரயோகிப்பது பெரும்பாலும் கொடுமை. தயக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. வகுப்புக்குப் போன தாயார் அரை மணித்தியாலத்தில் சிரிக்கிறார். ஆனால் வாரக்கணக்காக எதிலும் சிரிப்பு வராத ஒருவர், உண்ணவும் உறங்கவும் முடியாத ஒருவர், வாசற்படியில் நிற்பவரல்லர். அவரைக் குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவருக்கு ஆங்கிலம் சிரமமென்றால் உள்ளேயும் கூட இருக்க வேண்டும். "ஊரார் என்ன சொல்வார்கள்" என்று எமது மனம் மறுக்கக் கூடும். அந்த இருபது நிமிடங்களை நாம்தான் கடக்க வேண்டியிருக்கும்.