புயலும் தவக்குலும்

‘அல்லாஹ் நாடியதுதான் நடக்கும்’ என்பது ஒவ்வொரு முஸ்லிமின் நாவிலும் உலவும் சொல். அது சத்தியமான சொல். கத்ரை நம்பாதவனுக்கு ஈமான் பூரணமாவதில்லை. ஆனால் சத்தியமான சொல்லையும் இடமறிந்து சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வருகிறது என்று அறிவிப்பு வருகிறது. “கூரையைக் கொஞ்சம் பாருங்களேன், பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது?” என்று வீட்டில் கேட்கிறார்கள். உடனே இந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக் கொள்ளும் மனிதர்கள் நம் மஹல்லாக்களில் இல்லாமலில்லை. அவர் சொன்னது தவக்குலா, அல்லது சோம்பலுக்குப் போர்த்திய போர்வையா? இதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

நம் திட்டக்குடி கடலோர ஊரல்ல. கடல் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆகவே புயல் என்பது கடலூர்க்காரர்களும் பரங்கிப்பேட்டைக்காரர்களும் பட வேண்டிய கவலை என்று எண்ணுவோர் உண்டு. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை ‘தானே’ புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. அது கடற்கரையோடு நின்றுவிட்டதா? பண்ருட்டி, விருத்தாசலம் வட்டாரங்களில் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் விழுந்து கிராமங்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. தமிழகத்திலும் புதுவையிலுமாக 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2015 நவம்பரில் வந்தது புயலாகக்கூட வலுக்கவில்லை. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். அதுவே நெய்வேலியில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழையைக் கொட்டிவிட்டுப் போயிற்று. நமக்கோ ஒரு புறம் வெள்ளாறு, மறு புறம் வெலிங்டன் ஏரி. காற்று தணிந்த பிறகும் தண்ணீருக்கு அஞ்ச வேண்டிய ஊர் நம்முடையது.

ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு தவக்குல் வை என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் பதிலளித்த ஹதீஸை நம் மக்தபுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அதன் நோக்கத்தை நாம் எவ்வளவு அறிந்திருக்கிறோம்? கயிறு கட்டுவது நோக்கமல்ல. அந்த வேளையில் எது பாதுகாப்போ அதைச் செய்வதே நோக்கம். புயலும் வெள்ளமும் வரும்போது கொட்டகையில் கட்டிய மாடும் ஆடும் தப்ப வழியின்றி அங்கேயே செத்துப் போகின்றன. ஆதலால் அவற்றை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிட வேண்டும். அங்கே கட்டுவது தவக்குலுக்கு முந்திய கடமை. இங்கே அவிழ்ப்பது அதே கடமை.

இன்னும் ஆழமான ஒரு கேள்வி இருக்கிறது. ஒருவர் சொல்லக்கூடும்: “என் தவக்குல் உறுதியானது. சாவுக்கு நான் அஞ்சவில்லை. வீட்டை விட்டு நகர மாட்டேன்.” இவருக்கு என்ன பதில்?

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் தவக்குலைப் பற்றி விளக்கும்போது, தனி மனிதனையும் குடும்பஸ்தனையும் பிரித்துக் காட்டுகிறார்கள். தனியாக இருப்பவன், பசியைப் பொறுக்கும் பலம் தன் நஃப்ஸுக்கு உண்டென்று கண்டால் ஒரு வழியில் போகலாம். ஆனால் மனைவி மக்களை அந்தப் பசிக்கு உள்ளாக்க அவனுக்கு உரிமை இல்லை. குடும்பத்துக்காக ஓராண்டு உணவைச் சேமித்து வைப்பதால் தவக்குல் கெட்டுவிடுவதுமில்லை. அவர்களுடைய விளக்கத்தின் சாரம் இதுதான். தவக்குலில் மனித குலத்துக்கே தலைவரான நபி (ஸல்) அவர்கள் தம் குடும்பத்தாருக்கு ஓராண்டு உணவை ஒதுக்கி வைத்ததாக ஸஹீஹான ஹதீஸில் வந்திருக்கிறதே!

சகோதரர்களே! தவக்குல் என்பது கல்பின் அமல். என் கல்பில் உள்ளதை என் கணக்கிலிருந்து நான் செலவிடலாம். மூன்று வயதுக் குழந்தையின் உயிரையும், படுக்கையில் கிடக்கும் வயது முதிர்ந்த தாயின் உயிரையும் எடுத்து என் தவக்குலின் கணக்கில் எழுத எனக்கு அதிகாரம் தந்தவர் யார்? அவை என் உடைமைகள் அல்ல, அமானிதங்கள். குடும்பத் தலைவன் ஒரு மேய்ப்பன். தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நாளை மறுமையில் விசாரிக்கப்படுவான். பிறர் உயிரை வைத்து ஒருவன் காட்டும் துணிச்சலுக்குத் தவக்குல் என்று பெயரில்லை.

தன் உயிரிலும் மனிதனுக்கு முழுச் சுதந்திரம் இல்லை. தடுப்புச் சுவரில்லாத மாடியில் உறங்கி விழுந்தவனைப் பற்றியும், கடல் கொந்தளிக்கும் வேளையில் பயணம் புறப்பட்டவனைப் பற்றியும், அவர்களுக்குரிய பாதுகாப்புப் பொறுப்பு நீங்கிவிட்டது என்ற கருத்தில் ஹதீஸ்கள் வந்துள்ளன.

சரித்திரத்தைப் பாருங்கள். 1970 நவம்பர் 12 இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் அடித்த புயலில் மூன்று லட்சத்துக்கும் குறையாத மக்கள் மடிந்தார்கள். அது ரமலான் மாதம். பகலெல்லாம் நோன்பிருந்த முஸ்லிம்கள் வாழ்ந்த ஊர்கள் அவை. அவர்களுக்குத் தவக்குல் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? அவர்களுக்கு இல்லாமற் போனவை முன்னெச்சரிக்கையும் ஒதுங்கும் இடமும்தான். அதன் பிறகு அந்நாட்டில் தொண்டர் படை திரட்டினார்கள். உயரமான புகலிடங்கள் கட்டினார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளையும் அறிவிப்புக்குப் பயன்படுத்தினார்கள். 2007 நவம்பரில் கடும் ‘சித்ர்’ புயல் வந்தபோது மாண்டவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். அதுவும் பெரிய இழப்புதான். ஆயினும் எங்கே லட்சங்கள், எங்கே ஆயிரங்கள்! கத்ரை யாரும் வென்றுவிடவில்லை. கொள்ளைநோய் பரவிய ஷாம் நாட்டுக்குள் நுழையாமல் திரும்பிய உமர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே தாம் செல்வதாகத் தெளிவுபடுத்தினார்கள். புயலும் விதிதான், புகலிடமும் விதிதான்.

அதே நாட்டில் 1991 ஏப்ரலில் வீசிய புயலில் ஆண்களைவிடப் பெண்களே மிக அதிகமாக மாண்டார்கள். கணவரின் அனுமதியின்றி எப்படிப் போவது, அந்நிய ஆண்கள் கூடும் இடத்துக்கு எப்படிச் செல்வது என்று தயங்கி நின்றதும் அதற்கு ஒரு காரணம். நம் ஊர்களிலும் வீட்டுக்காரர் சபரில், அரபு நாட்டில் இருக்க, பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கும் வீடுகள் எத்தனை! அத்தாய்மார்கள் மார்க்கச் சட்டத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். மனைவி அனுமதியின்றி வெளியேறுவது குற்றம் என்று கூறும் இடத்திலேயே, வீடு இடிந்துவிடும் நிலையில் இருந்தால் தவிர என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் விதிவிலக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணும் வீடு இடியும் அச்சம் ஏற்பட்டால் வெளியேறலாம் என்று ஹனஃபி கிதாபுகளும் கூறுகின்றன. பேணுதல் என்பது உயிரைக் காத்துக்கொண்டு கடைப்பிடிப்பது. பெண்களுக்கென்று தனி அறையை ஒதுக்கித் தருவது ஜமாஅத்தின் பொறுப்பு.

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம். மழைக்காலத்துக்கு முன்பே வீட்டின் மேல் சாய்ந்த கிளைகளை வெட்டி விடுங்கள். தகரக் கொட்டகையையும் ஓட்டையும் சரி பாருங்கள். கடலூர் துறைமுகத்தில் பெரிய எண் கூண்டு ஏற்றியதாகச் செய்தி வந்தால், மண் சுவர் வீட்டிலும் குடிசையிலும் இருப்போர் பொழுது சாயுமுன் காங்கிரீட் கட்டடத்துக்குப் போய்விட வேண்டும். ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைகளின் சான்றிதழ்கள், நிக்காஹ் பத்திரம் ஆகியவற்றை நனையாத பையில் கட்டி வையுங்கள். அண்டா, குடங்களில் குடிநீர், நான்கு நாளைக்கு அரிசி, பெரியவர்களின் மருந்து, டார்ச் விளக்கு, தீப்பெட்டி ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். புயலின் நடுப்பகுதி கடக்கும்போது காற்று சட்டென்று ஓய்ந்துவிடும். முடிந்துவிட்டது என்று வெளியே வந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அது மீண்டும் அடிக்கும். அறுந்து கிடக்கும் மின்கம்பியை யாரும் தொட வேண்டாம். தொழுகையை வீட்டிலேயே நிறைவேற்றிக் கொள்ளுங்கள். மழை பெய்த ஒரு ஜும்ஆ நாளில், வீடுகளிலேயே தொழுமாறு பாங்கில் அறிவிக்கும்படி இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முஅத்தினுக்கு உத்தரவிட்டார்கள்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். உறுதியான கட்டடமுள்ள மதரஸாவை அன்றிரவு திறந்து வையுங்கள். குடிசையில் நடுங்கும் அண்டை வீட்டார் எந்தச் சமயத்தவராயினும் அவர்களை அழைத்து வாருங்கள். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆ மேடையில் பேசுகிறோமே, அது நிறைவேறும் இரவு அதுதான்.

“போன வருஷமும் சொன்னார்கள், ஒன்றும் வரவில்லையே” என்று கேலி பேசுவோர் உண்டு. புயல் திசை மாறிப் போனால் அது ரப்பின் ரஹ்மத். சிரிப்பதற்குரியதல்ல, சுக்ரு செய்வதற்குரியது. கருமேகத்தைக் கண்டாலே நாயகம் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறிவிடும். அன்னை ஆயிஷா (ரலி) காரணம் வினவியபோது, மேகத்தைக் கண்டு மழை என்று மகிழ்ந்த ஆத் கூட்டத்தாருக்கு நேர்ந்ததை நினைவூட்டினார்கள். நபியே கவலைப்பட்ட ஒன்றில் நமக்கு ஏன் இந்த அலட்சியம்?

எல்லா ஏற்பாட்டையும் செய்த பின்னும் சுவர் விழலாம், உயிர் போகலாம். தண்ணீரில் மூழ்கியவரும் இடிபாட்டில் சிக்கியவரும் ஷஹீதுகளின் கூலியைப் பெறுவர் என்பது நமக்கு ஆறுதல். ஆனால் அது அல்லாஹ் கொடுக்கும் தரஜா. தகப்பனின் அலட்சியம் பிள்ளைக்கு வாங்கிக் கொடுப்பதல்ல. செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, கதவைத் தாழிட்டு, பிள்ளைகளை அருகில் கிடத்திக்கொண்டு ‘யா அல்லாஹ், இனி உன் பொறுப்பு’ என்று சொல்கிறோமே, ‘அல்லாஹ் நாடியதுதான் நடக்கும்’ என்ற சொல்லுக்கு உரிய இடம் அதுவே.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் குடும்பத்தாரையும் ஊராரையும் எல்லா ஆபத்துகளை விட்டும் காத்து, அமானிதத்தைப் பேணும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.