சிரித்த முகம் சாட்சியாகுமா?

இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் எங்களுக்கு மாலைப்பொழுது. கடைசி மேசைக்காரர் எழுந்துபோய், கடைசிச் சட்டியும் கழுவிக் கவிழ்க்கப்பட்ட பின்னர், குசினிக்குப் பின்னாலிருக்கும் சாமான் அறையில் வெங்காய மூட்டைகளில் குந்தியிருந்து, மிஞ்சிய பாணையும் சூப்பையும் சாப்பிட்டபடி, யாராவது ஒருவரின் தொலைபேசியில் எல்லோருமாக எதையாவது பார்ப்போம். நாங்கள் மூன்று தமிழர். எங்களோடு மாலி நாட்டுக்காரர் ஒருவர். எங்கள் நால்வருக்கும் பொதுவாக இருப்பவை அரைகுறைப் பிரெஞ்சும் முழுக் களைப்பும்தான். ஆகவே மொழி அதிகம் தேவைப்படாத பழைய நகைச்சுவைப் படங்களே எமக்குத் தோது.

அப்படி ஓர் இரவில் பார்த்த படம் பற்றியே இந்தக் கட்டுரை. 'த கிட் ஃப்ரொம் போர்னியோ' என்ற அந்த அமெரிக்கக் குறும்படம் 1933இல் ஹால் ரோச்சின் ஸ்ரூடியோவில் எடுக்கப்பட்டது. ஓடும் நேரம் ஏறத்தாழ இருபது நிமிடம். 1922இலிருந்து 1944வரை 220 குறும்படங்களாக வந்த 'அவர் காங்' வரிசையில் அதுவும் ஒன்று. ஒரு தெருவின் ஏழைப் பிள்ளைகள், கறுப்பும் வெள்ளையுமாக, ஒன்றுகூடிச் செய்யும் குழப்படிகளே அந்த வரிசையின் கதை.

இந்தப் படத்தில் பிள்ளைகளின் தாய்மாமன் ஒரு வேடிக்கைக் காட்சியின் முகாமையாளர். பிள்ளைகள் அவரை முன்னர் கண்டதில்லை. பார்க்கப் போன இடத்தில், அங்கே காட்சிக்கு வைத்திருக்கும் 'போர்னியோக் காட்டு மனிதனை' மாமா என்று நினைத்துவிடுகிறார்கள். அவனாக நடிப்பவர் ஒரு கறுப்பின மனிதர். இனிப்புக்கு ஆசைப்பட்டு அவன் போடும் சத்தத்தைத் தங்களைத் தின்னப் போவதாக எண்ணிப் பிள்ளைகள் ஓட, அவன் வீடுவரை துரத்துகிறான். நாலு வயது ஸ்பாங்கி மட்டும் பயப்படாமல், ஐஸ்பெட்டியில் இருக்கும் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அவனுக்குத் தீத்துகிறான்.

ஐஸ்பெட்டி காலியாகும் காட்சிக்கு நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அதே வேலையைத்தானே நாள் முழுவதும் செய்கிறோம்! மாலிக்காரரும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் துரத்தல் திரும்ப ஆரம்பித்தபோது அவர் எழுந்து, குப்பை கொட்டிவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே போனார். குப்பையை நாங்கள் ஏற்கெனவே கொட்டிவிட்டிருந்தோம்.

அறைக்குத் திரும்பிய பிறகு எங்களுக்குள் வாக்குவாதம் தொடங்கியது.

"அது அந்தக் காலம். தொண்ணூறு வருசத்துக்கு முந்தின படத்துக்கு இண்டைக்கு வழக்கு வைக்கேலுமே?" என்றார் ஒருவர்.

"சின்னப்பிள்ளையள் விளையாடினதை நாங்கள் ஏன் பெரிசாக்குவான்? அதுகளுக்கு நிறம் தெரியுமே? அந்தக் கறுத்தப் பெடியன் என்ன சந்தோசமாச் சிரிக்கிறான் எண்டு பாரும்" என்றார் மற்றவர்.

இந்த இரண்டோடு, இப்படியான படங்களை அழித்துவிட வேண்டும் என்ற மூன்றாவது அபிப்பிராயமும் வந்தது. அது எம்முடையது. மெய்யியல் பாடத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்த எமக்கு அன்றிரவு அதுவே நேர்மையான முடிவாகப் பட்டது. இப்போது அந்த முடிவில் நாம் இல்லை. ஏன் என்பதைச் சொல்லவேண்டும்.

'அந்தக் காலம்' என்ற வாதம் பலவீனமானது. எந்தக் காலத்திலும் சிரித்தவர்கள் மட்டுமா வாழ்ந்தார்கள்? 'பேர்த் ஒஃப் எ நேஷன்' படத்துக்கு எதிராக அமெரிக்கக் கறுப்பின மக்களின் அமைப்பு 1915இலேயே போராடியது. சிரிக்காதவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அவர்களைக் கணக்கில் எடுக்காமல் காலத்தின்மேல் பழியைப் போடுவது சிரித்தவர்களுக்கு மட்டும் சலுகை கொடுப்பதாகும்.

இரண்டாவது வாதம் அவ்வளவு இலகுவானதல்ல. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் என்று சட்டமே இருந்த நாட்களில், இந்தப் படங்களில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். வட்டத்தொப்பி போட்ட ஸ்ரைமி என்ற கறுப்பினச் சிறுவன் பல படங்களில் கூட்டத்திலேயே கெட்டிக்காரன். முதற் குழுவில் நடித்த ஏர்னி மொறிசன் பிற்காலத்தில் ரோச்சைப் பற்றி நல்லவிதமாகவே பேசியிருக்கிறார். அவரே அப்படிச் சொல்லும்போது, அவருக்காகக் கோபப்பட நாங்கள் யார்?

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்ரூடியோவுக்குள் பிள்ளைகளை எப்படி நடத்தினார்கள் என்பது ஒன்று. அவர்களின் உருவத்தை வைத்து வெளியே என்ன செய்தார்கள் என்பது மற்றது. மொறிசனின் சாட்சியம் முதலாவதுக்கு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பின்னல்களோடு, ஆணா பெண்ணா என்று தெரியாத உருவமாக, பேய்க்குப் பயந்து ஓடும் சின்ன ஃபரீனாவைத் திரையில் கண்ட வெள்ளையர்கள் ஸ்ரூடியோவுக்குள் நடந்த நட்பைக் காணவில்லை. தாங்கள் முன்னமே நம்பியிருந்ததைத்தான் கண்டார்கள்.

பிள்ளை சிரிக்கிறதே என்கிறோம். அதே குழுவில் இருந்த ஜக்கி கூப்பர் 1931இல் 'ஸ்கிப்பி' என்ற படத்தில் அழுத அழுகை புகழ்பெற்றது. ஒன்பது வயதில் ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்தது. அந்த அழுகை எப்படி வந்தது? இயக்குநர் நோர்மன் ரோறொக் அவருக்கு உறவு முறையில் மாமா. பிள்ளையின் நாயைச் சுடப்போவதாகச் சொல்லி, வெடிச்சத்தமும் கேட்கச் செய்து அழவைத்தார்கள். நாய்க்கு ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, 1981இல், கூப்பர் தன் வாழ்க்கை வரலாற்றுக்கு 'தயவுசெய்து என் நாயைச் சுடாதீர்கள்' என்று பெயர் வைத்தார். திரையில் ஒரு பிள்ளையின் கண்ணீர் இப்படி வரலாமென்றால், சிரிப்பு மட்டும் எப்படிச் சாட்சியாகும்?

கூலியையும் பார்க்கவேண்டும். 1955இலிருந்து இந்தப் படங்கள் 'லிற்றில் ராஸ்கல்ஸ்' என்ற பெயரில் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடின. நடித்த பிள்ளைகளுக்கு அதிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. மறு ஒளிபரப்புக்கான பங்கை அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 1960இல் வேலைநிறுத்தம் செய்து பெற்றபோதும், அது பழைய படங்களுக்கு இல்லை என்றாயிற்று. சிரிப்பு விற்றுக்கொண்டே இருந்தது. சிரித்துக் காட்டியவர்களின் கணக்கு எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

இதையெல்லாம் நாம் புத்தகத்தில் மட்டும் படித்து அறியவேண்டியதில்லை. முன்னர் வேலை செய்த ஓரிடத்தில் தலைமைச் சமையற்காரர் ஒவ்வொரு நாளும் எங்கள் பிரெஞ்சைப் பழித்துப் பேசிக் காட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். "பாருங்கள், இவர்களுக்கே பிடித்திருக்கிறது" என்பார் அவர். எங்களுக்குப் பிடித்திருந்ததா? விசா புதுப்பிக்க வேலைப் பத்திரம் தேவையாயிருந்தது. முப்பது வயது கடந்த எங்கள் சிரிப்பே சம்மதம் இல்லையென்றால், மறுக்கவே தெரியாத நாலு வயதுப் பிள்ளையின் சிரிப்பைச் சம்மதமாக எடுக்கலாமா? மனிதரை வெறும் கருவியாக்காதே என்று கான்ற் சொன்னதாக அந்த இரண்டு வருடத்தில் குறிப்பெடுத்தோம். அதன் பொருளை எமக்கு விளக்கியது குசினிதான்.

அப்படியானால் அழித்துவிடலாமா? 1971இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக இந்த வரிசையை வெட்டினார்கள். பல காட்சிகள் போயின. நாங்கள் பார்த்த இந்தப் படமும் ஒளிபரப்புத் தொகுப்பிலிருந்து எடுக்கப்பட்டது. வெட்டியதால் அவமானம் மறைந்தது உண்மை. ஆனால் அந்தக் காட்சிகளோடு கறுப்பினப் பிள்ளைகளின் உழைப்பும் திறமையும் சேர்ந்தே மறைந்தன. அவமதிக்கப்பட்டவனையே திரையிலிருந்து அகற்றுவது அவனுக்குச் செய்யும் நீதியாகாது. படம் முழுதாக இருக்கட்டும். பார்ப்பவர் தன் சிரிப்புக்குத் தானே பொறுப்பேற்கட்டும்.

'போர்னியோக் காட்டு மனிதன்' என்பதே ஒரு பழைய வியாபாரப் பொய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பெயரோடு அமெரிக்காவில் காட்டப்பட்ட குள்ளமான சகோதரர் இருவரும் போர்னியோவைக் கண்டவர்களே இல்லை. நாங்கள் வாழும் இந்தப் பாரிஸ் நகரத்தின் எல்லையில் 'ஜார்தான் தக்ளிமத்தசியோன்' என்றொரு பூங்கா உண்டு. இப்போது பிள்ளைகள் ராட்டினம் ஆடும் இடம். 1883இல் அங்கே இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட மனிதர்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். எங்கள் தீவின் மனிதர்கள் வேலிக்கு உள்ளே நிற்க, வெளியே நின்றவர்கள் சிரித்துமிருப்பார்கள்.

இது தெரிந்த நாங்கள் சுத்தமானவர்களா? அந்த மாலிக்காரரை அவர் இல்லாத நேரத்தில் எங்கள் வாய் என்ன சொல்லி அழைத்துவந்தது? 'காப்பிலி'. ஊரிலிருந்து கொண்டுவந்த பொருட்களில் பாதியை வழியில் தொலைத்தோம். அந்தச் சொல்லைத் தொலைக்கவில்லை. அன்றைய வாக்குவாதத்திலும், அவர் ஏன் எழுந்து போனார் என்று பேசும்போதே, எங்களில் ஒருவர் அதைச் சொன்னார். மற்ற இருவரும் திருத்தவில்லை. இப்போது அந்தச் சொல் நாக்கில் வந்து தடக்கி நிற்கிறது. அவ்வளவுதான் முன்னேற்றம்.

அவர் ஏன் வெளியே போனார் என்று நாங்கள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் "ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பிவிட்டு, நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போய்விடுவோமோ என்பதுதான் எங்கள் பயம்.