தழும்பும் நிறமும்

போன மார்கழியில் கொடைக்கானல் போயிருந்தேன். மூஞ்சிக்கல்லில் அக்கா வீடு. ராத்திரி எட்டு மணி இருக்கும். அக்கா மகள் சுவரில் சாய்த்து வைத்த கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து கன்னத்தில் எதையோ உருட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற ரோலரைக் கட்டைவிரல் அளவுக்குச் சின்னதாக்கின மாதிரி ஒரு சாமான். கிட்டப் போய்ப் பார்த்தால் உருளை முழுக்க ஊசி. கன்னத்தில் சின்னச் சின்னதாக ரத்தப் பொட்டு.

"என்னடி பண்ற?" என்று கத்திவிட்டேன்.

"டெர்மா ரோலர் சித்தி. பரு வந்த குழியெல்லாம் சரியாப் போயிரும். ஆன்லைன்ல நானூறு ரூவா."

அவள் பி.காம். படித்தவள். ஊரிலேயே ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போயிருக்கிறாள். மேனேஜர் சான்றிதழைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ரிசப்ஷனுக்குக் கொஞ்சம் பளிச்சுன்னு ஆள் வேணும்மா. ரூம் சுத்தம் பண்ற வேலை இருக்கு, பாக்குறியா?" என்றார். வீட்டு நிலைமைக்கு அதையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எட்டு மாசமாக மற்றவர்கள் படுத்து எழுந்த பெட்சீட்டை மாற்றிக்கொண்டிருக்கிறாள். கூடப் போனவள் இவளைவிட மார்க் குறைவு. அவள் ரிசப்ஷனில் இருக்கிறாள்.

நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன். கறுப்பே அழகு, காந்தலே ருசி. நம்ம நிறம் நம்ம அடையாளம். விளம்பரக்காரன் சொல்வதை நம்பி நம்ம உடம்பை நாமே குத்திக்கொள்ளலாமா என்றெல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "சொலவடையைச் சொன்னா ரிசப்ஷன்ல உக்கார வைப்பானா சித்தி? நீ மேடையில பேசுற. நான் பெட்சீட்டு மாத்துறேன். இப்ப உனக்குக் கோவம் யாரு மேல? என் மேலயா, அந்தாளு மேலயா?"

எனக்குப் பதில் வரவில்லை. தன் தோலை மாற்ற ஆசைப்படுகிற தலித் பெண் தன்னையே காட்டிக்கொடுக்கிறாளா? அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடித்தான்.

முதலில் அந்தச் சாமான் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வோம். திட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது. தோலில் ஊசி இறங்கினால் உடம்பு அதைக் காயம் என்று எடுத்துக்கொள்கிறது. காயத்தை ஆற்ற அந்த இடத்தில் கொலாஜன் என்கிற நார்ப்பொருளைப் புதிதாகச் சுரக்கிறது. அதனால் பருவோ அம்மையோ விட்டுப்போன குழி கொஞ்சம் கொஞ்சமாக மேடேறுகிறது. இதற்கு மாசக்கணக்காகும். டாக்டர்கள் மரத்துப்போகிற கிரீமைத் தடவி ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் ஊசியை உருட்டுவார்கள். நாலைந்து தடவை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவைக்கும் ஆயிரக்கணக்கில் செலவு. நானூறு ரூபாய் ரோலர் அந்த வேலையைச் செய்யாது. பழுத்த பருவின் மேல் உருட்டினால் சீழ் பரவும். ஒருத்தர் உருட்டியதை இன்னொருத்தர் உருட்டினால் ரத்தத்தில் பரவுகிற நோய்கள் தொற்றலாம். நம்மைப் போன்ற தோலில் சூடுபட்டது போலக் கறுந்திட்டு விழவும் வாய்ப்புண்டு.

இது வந்த கதையும் கவனிக்க வேண்டியது. கனடாவில் காமிரான், டூசே என்ற இருவர் அறுவைத் தழும்பை மறைக்க அதன்மேல் தோல் நிறத்திலேயே பச்சை குத்தினார்கள். ஒன்றிரண்டு வருசத்தில் சாயம் மங்கிப்போனது. ஆனால் தழும்பு மிருதுவாகி இருந்தது. குணமாக்கியது சாயமல்ல, ஊசிதான் என்று கண்டு, சாயமே இல்லாமல் பச்சை குத்தும் கருவியால் குத்தியதை 1997இல் எழுதினார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனைச் சேர்ந்த டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் என்ற அறுவை மருத்துவர் அதை உருளையாக்கினார். ஆக, இது தழும்புக்காகப் பிறந்த கருவி. வெள்ளையாக்குவதற்காகப் பிறந்ததல்ல.

பச்சை குத்துவது என்றதும் என் அம்மாவின் கைதான் ஞாபகத்துக்கு வந்தது. முழங்கைக்குக் கீழே கோலம், தாடையில் மூன்று புள்ளி. தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த காலத்தில், லைனுக்கு வந்த குறத்தியிடம் ஒரு படி கேழ்வரகு கொடுத்துக் குத்திக்கொண்டது. அம்மாவின் முகம் முழுக்க அம்மைத் தழும்பும் உண்டு. பெரியம்மை இந்த நாட்டை விட்டு 1975இல்தான் போனது. அம்மாவுக்கு அது அஞ்சு வயதில் வந்தது. அந்த முகத்தைப் பற்றி நான் கவிதைகூட எழுதியிருக்கிறேன். உழைப்பின் வடு, மண்ணின் முகம் என்றெல்லாம். கூட்டங்களில் வாசித்துக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன்.

மறுநாள் காலையில் அம்மாவிடம் பேத்தி செய்கிற வேலையைச் சொன்னேன். திட்டும் என்று எதிர்பார்த்தேன். ரோலரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "பச்சை நான் கேட்டுக் குத்திக்கிட்டது. அம்மை கேக்காம வந்தது. என்னையப் பொண்ணு பாக்க வந்த ரெண்டு வீட்டுக்காரங்க அம்மை மூஞ்சின்னு திரும்பிப் போனாங்க. அன்னைக்கு இது இருந்துச்சுன்னா நானுந்தான் உருட்டியிருப்பேன்" என்றது.

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அம்மாவின் தழும்பு எனக்குக் கவிதை. அம்மாவுக்கு அது திரும்பிப் போன இரண்டு வீடு. யாருடைய தழும்பை யார் கொண்டாடுவது? இதை நம் எழுத்துக்காரர்கள் எல்லாரும் யோசிக்க வேண்டும். நம்மிடமிருந்து காயத்தை எதிர்பார்க்கிற ஒரு வாசிப்பு இங்கே உருவாகியிருக்கிறது. காயத்தைத் திறந்து காட்டினால்தான் நாம் உண்மையானவர்கள். ஆறிவிட்டால் நாம் தலித் இல்லையோ என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. நாமும் அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து நம் சனங்களின் தழும்பைச் சாட்சியாக எடுத்து வைக்கிறோம். சாட்சி சொல்வது அவசியம்தான். ஆனால் சாட்சிக்காக ஒருத்தி ஆயுசு முழுக்கத் தழும்போடு இருக்க வேண்டும் என்று கேட்பது என்ன நியாயம்? தழும்பைப் போக்கிக்கொள்வது அவளுடைய உரிமை. அதில் துரோகம் எதுவும் இல்லை.

இவ்வளவும் தழும்பைப் பற்றி. நிறம் வேறு. நிறம் தழும்பு அல்ல. யாரும் உண்டாக்கியதல்ல, ஆற வேண்டியதுமல்ல. வெயிலிலிருந்து உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடு அது. ஆனால் கடையில் என்ன நடக்கிறது? பருக்குழி, தழும்பு, கரும்புள்ளி, கறுப்பு என்று ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்கிறான். முதல் மூன்றும் நோய்க் கணக்கு. நாலாவதை அவற்றோடு சேர்த்துச் சொல்லும்போது அதுவும் நோயாகிவிடுகிறது. அந்த மேனேஜர் என் அக்கா மகளிடம் பார்த்தது குழியை மட்டுமா? குழி இல்லாமல் இதே நிறத்தில் இருந்திருந்தால் மேசையில் உட்கார வைத்திருப்பாரா? அவளும் அதை நம்பவில்லை. ஊசியை உருட்டிவிட்டு அதன்மேல் என்ன கிரீம் தடவினாள் என்று பார்த்தேன். டப்பாவில் வெளுத்த முகம்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

கறுப்புப் பார்ப்பானையும் வெள்ளைப் பறையனையும் நம்பாதே என்று ஒரு பழமொழி உண்டு. அதற்குள் இருக்கிற பயத்தைப் பாருங்கள். சாதி தோலில் எழுதியிருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எழுதியில்லை என்று அவர்களுக்கே தெரிகிறது. பிராமணரும் தீண்டப்படாதவரும் வெவ்வேறு இனம் என்ற கதையை, மூக்கையும் மண்டையையும் அளந்து வைத்திருந்த கணக்குகளைக் கொண்டே 1948இல் 'தீண்டப்படாதோர்' நூலில் அம்பேத்கர் உடைத்தார். சாதி நிறத்திலிருந்து வரவில்லை. சாதி நிறத்தைக் கருவியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் ஒருத்தி வெளுத்தாலும் சாதி போகாது. வெள்ளைத் தோலோடு பிறந்த நம் பிள்ளையிடம், 'பாத்தா அப்படித் தெரியலையே' என்று சொல்வதும் சாதிதான்.

மேனேஜர் ஒருத்தரைத் திட்டி இதை முடித்துவிட முடியாது. அவர் இருக்கிற ஊரின் கதையையும் பார்க்க வேண்டும். 1845இல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்கள் சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து இந்த மலையில் வீடு கட்டினார்கள். வெள்ளைத்தோல் வாடாமல் இருக்க உண்டாக்கிய ஊர் இது. மோட்டார் ரோடு வருவதற்கு முன்னால் அவர்களை நாற்காலியிலும் டோலியிலும் தூக்கிக்கொண்டு ஏறியவர்களின் தோளில் காய்ப்புதான் மிச்சம்.

அதே மலையில் 1980களில் பாண்ட்ஸ் கம்பெனி ஓர் ஆலை வைத்தது. முகத்துக்குப் பவுடரும் கிரீமும் விற்ற அதே பாண்ட்ஸ். அமெரிக்காவில் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஓடிக்கொண்டிருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைக் கொண்டுவந்து பாம்பார் சோலையின் விளிம்பில் வைத்தார்கள். பாண்ட்ஸை யூனிலீவர் வாங்கிய பிறகு ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. 1975 முதல் ஃபேர் அண்ட் லவ்லி விற்று வந்த கம்பெனி. தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்குப் போனது. 2001 மார்ச்சில் இதே மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடந்தது வெளியே தெரிந்தது. தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் பழனி மலைப் பாதுகாப்பு அமைப்பும் கிரீன்பீசும் போராடினார்கள். ஆலை மூடியது. 2003இல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலில் ஏற்றி அமெரிக்காவுக்கே அனுப்பினார்கள். வேலை செய்தவர்கள் நோய் என்றார்கள். கம்பெனி, ஆலையால் நோய் எதுவும் இல்லை என்றது. 2015இல் சோபியா அஷ்ரப் பாடிய பாட்டு உலகம் சுற்றியது. 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாடு செய்துகொண்டது. ஆலை மூடிப் பதினைந்து வருசத்துக்குப் பிறகு.

பாதரச ஆவி மூச்சு வழியாகப் போகும். நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். தோலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இதே பாதரசத்தின் உப்பை நிறத்தை வெளுக்க வைக்கும் கள்ளக் கிரீம்களில் இன்றைக்கும் கலக்கிறார்கள். அந்தக் கம்பெனி தன் கிரீமில் கலந்தது என்று நான் சொல்லவில்லை. கலக்கிற கிரீம்கள் சந்தையில் இருக்கின்றன. 2023இல் கேரளத்தில் மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட கிரீம் தடவியவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டதை டாக்டர்கள் கண்டுபிடித்தார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். உள்ளே பட்ட காயத்துக்கு, அது காயம்தான் என்று பேசவைக்கவே பதினைந்து வருசம். காயமே இல்லாத நிறத்துக்கு வைத்தியம் தெருவுக்குத் தெரு. எது காயம், எது காயமில்லை என்று முடிவு செய்கிற அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இங்கே அறக்கேள்வி. 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. சிவப்பு என்று இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. பளிச்சுன்னு என்றால் போதும்.

அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான்: "குழியை ஆத்திக்கிறது உன் இஷ்டம். ஆனா இந்த நானூறு ரூவா ஊசி வேணாம். வா, மதுரை பெரியாஸ்பத்திரியில தோல் டாக்டரைப் பாப்போம். நிறத்துக்கு மட்டும் எந்த டாக்டரும் வேணாம். அதுல சரி பண்ண வேண்டியவன் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கான்." போனோம். முதலில் பருவை நிறுத்த மருந்து கொடுத்தார்கள். ரோலரை வீட்டில் தொடக் கூடாது என்றார்கள். தழும்புக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

ஓட்டலுக்கும் போனேன், இரண்டு தோழர்களோடு. மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். "நிறமெல்லாம் நாங்க பாக்குறதில்லைங்க, அனுபவம்தான்" என்றார். ரிசப்ஷனில் இருந்த பெண்ணுக்கு என்ன அனுபவம் என்று கேட்டோம். போன் வந்ததாக எழுந்து போய்விட்டார். அரசியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு அரசு வேலைக்குத்தான் பேசுகிறது. தனியார் மேசையில் 'பளிச்' என்ற ஒரு சொல்லை வைத்து நம்மை ரூமுக்கு அனுப்பினால் எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது? தனியார் துறையில் இடஒதுக்கீடு கேட்கிறபோது இந்த மேசையையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

அவள் இன்னும் பெட்சீட்டுதான் மாற்றிக்கொண்டிருக்கிறாள். ரோலர் டப்பாவோடு அலமாரியில் கிடக்கிறது. அன்றைக்கு அவள் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கோபம் அவள் மேல் இல்லை. ஆனால் எட்டு மாசமாக அந்தாள் மேல் படாமல் இருந்த என் கோபம், அவள் கன்னத்தில் ரத்தத்தைப் பார்த்ததும் அவள் மேல் பாய்ந்தது ஏன்? அதை இன்னும் எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேடை ஏறுகிற தோழர்களும் கேட்டுப்பாருங்கள்.