பிடி மாவும் பிடி பருப்பும்



பஞ்ச காலத்தில் எலியாஸ் தீர்க்கதரிசி சரேப்தா ஊருக்கு வந்தபோது, ஓர் ஏழை விதவை சுள்ளி பொறுக்கிக் கொண்டிருந்தாள். அவள் பானையில் ஒரு பிடி மாவும், கலயத்தில் கொஞ்சம் எண்ணெயுமே மீதி. தானும் மகனும் அதை உண்டபின் சாக வேண்டியதுதான் என்றாள். ஆயினும் பசியென்று கேட்டவருக்கே முதல் அடையைச் சுட்டுக் கொடுத்தாள். மழை பெய்யும் நாள்மட்டும் அவள் பானை வெறுமையாகவில்லை.

நம் விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். ஜாடியின் அழகை நாம் அறிவோம். அடுத்த வீட்டு ஜாடிக்குள் என்ன இருக்கிறதென்று அறிவோமா?

"ரேஷனில் அரிசி இலவசமாயிற்றே, இப்போது பசி ஏது?" என்பீர்கள். மெய்தான். 2011 ஜூன் முதல் அரிசிக்கு விலையில்லை. 1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவும், 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் தொடங்கின. இவற்றிற்காக சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக.

ஆனால் சோறு மாத்திரம் போதுமான ஆகாரமாகாது. மணிலாவும் முந்திரியும் விளையும் சுற்றுக் கிராமங்களில் மழை பொய்த்தால் கூலியில்லை. கூலியில்லையேல் பருப்பில்லை, முட்டையில்லை, காய்கறியில்லை. வயிறு நிறையும், இரத்தம் ஊறாது. எல்லாரும் உண்டபின் மீந்ததை உண்கிற தாய்க்கே முதலில் சோகை பிடிக்கிறது. அந்த அரிசியும் எட்டாதவர்கள் உண்டு: கரும்பு வெட்டவும் செங்கல் சூளைக்கும் குடும்பத்தோடு வெளியூர் போனவர்கள், கார்டில் பேர் சேராதவர்கள், கைரேகை தேய்ந்து இயந்திரத்தில் பதியாத முதியவர்கள்.

பக்கத்து வடலூரில் 1867-ல் இராமலிங்க அடிகள் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. வந்தவரிடம் சாதியும் மதமும் கேளாமல் அங்கே சோறிடுகிறார்கள். திவ்விய நற்கருணை உட்கொள்ளும் நாம் சும்மா இருக்கலாமா?

ஆகையால் இவ்வாரமே மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் அடுப்பெரியாத வீடு எதுவென்று, யாரும் வெட்கப்படாதபடி, அமைதியாய் விசாரித்தறியுங்கள். கடைக்குப் போக முடியாத முதியவருக்காக, வேறொருவர் பொருள் வாங்க மனு எழுதிக் கொடுங்கள். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வருவதையும் சொல்லுங்கள். மூன்றாவதாக, முன்னோர் பிடி அரிசி எடுத்து வைத்ததுபோல, நீங்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி பருப்பு எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கொண்டு வாருங்கள்.

அந்த விதவை தான் உண்டு மீந்ததைக் கொடுக்கவில்லை. தான் உண்ணுமுன்னே கொடுத்தாள். நாமும் அப்படியே செய்யும் வரத்தை சேசுநாதர் தந்தருள்வாராக. ஆமென்.