கெடுக்க நினைக்கவில்லை என்றாலும் கேட்டுத்தான் நுழைய வேண்டும்

1988 நவம்பர் 2-ஆம் தேதி, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ் ஒரு சின்ன நிரலை இணையத்தில் விட்டார். எங்கிருந்து வந்தது என்று தெரியக்கூடாது என்பதற்காக எம்.ஐ.டி.யில் இருந்த ஒரு கணினி வழியாக விட்டார். அது எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, எதையும் திருடவில்லை. மெயில் மென்பொருளில் இருந்த ஓட்டை, எளிதில் ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டு என்று கிடைத்த வழியில் புகுந்து அடுத்த கணினிக்குத் தாவிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

ஒரே கணினியில் திரும்பத் திரும்ப ஏறக்கூடாது என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. ஏறுவதற்கு முன், அங்கே ஏற்கெனவே ஒரு பிரதி இருக்கிறதா என்று நிரல் கேட்கும். ஆனால் யாராவது 'இருக்கிறது' என்று பொய்ப்பதில் சொல்ல வைத்துத் தடுத்துவிட்டால்? அதற்காக, 'இருக்கிறது' என்ற பதில் வந்தாலும் ஏழில் ஒரு முறை ஏறிக்கொள் என்று எழுதிவைத்தார். அந்த ஏழில் ஒன்றுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. பிரதிக்கு மேல் பிரதி ஓடி, கணினிகள் அசைய முடியாமல் நின்றன. அன்று இணையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் 6,000 வரை பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். நிலைமை கைமீறியதும், அதை நிறுத்தும் வழியை ஹார்வர்டில் இருந்த நண்பர் மூலம் பெயர் போடாமல் அனுப்பச் செய்தார். நெட்வொர்க்கே திணறிக்கொண்டிருந்ததால் அந்தச் செய்தி உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை.

1990-இல் அவருக்கு மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். சேதம் செய்யும் எண்ணமே இல்லை என்று மேல்முறையீடு செய்தார். அனுமதியின்றி நுழையும் எண்ணம் இருந்ததா என்பதுதான் கேள்வி, சேதம் செய்யும் எண்ணம் தேவையில்லை என்று 1991-இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடுமையாகத் தோன்றினாலும் அது நியாயமான தீர்ப்பு. அடுத்தவர் கணினியில் என்ன ஓடுகிறது, எது நின்றால் யாருக்கு நஷ்டம் என்பது வெளியாளுக்குத் தெரியாது. தெரியாதவர், 'ஒன்றும் ஆகாது' என்று தனக்குத் தானே உத்தரவாதம் கொடுத்துக்கொள்ள முடியாது.

உதவி செய்யப் புகுந்தவருக்கும் இது பொருந்தும். 2003 ஆகஸ்டில், மோரிஸின் நிரலைப் போலவே தானாகப் பரவும் 'பிளாஸ்டர்' என்ற நிரல் (இத்தகையதைப் 'புழு' என்பார்கள்) பரவியபோது, அதைத் துரத்த 'வெல்ச்சியா' என்ற இன்னொரு புழுவை யாரோ விட்டார்கள். அது கேட்காமலே புகுந்து, பிளாஸ்டரை நீக்கி, மைக்ரோசாஃப்டின் திருத்தத்தையும் இறக்கி நிறுவப் பார்த்தது. அது கிளப்பிய நெரிசலில் ஏர் கனடாவின் செக்-இன் வேலை தடைபட்டது.

'பாஸ்வேர்டை ஒழுங்காக வைக்காதது அவர்கள் தப்புதானே' என்பார்கள். கதவைப் பூட்டாமல் தூங்குகிறவர் அசட்டையானவர்தான். அதற்காக உள்ளே போய்ப் பீரோவைத் திறந்து பார்க்கலாமா? வாசலில் நின்று குரல் கொடுக்கலாம்.

ஆனால் குரல் கொடுத்தவரையே குற்றவாளியாக்குவதும் நடக்கிறது. 2018 ஜனவரியில் 'தி டிரிபியூன்' நிருபர் ஒருவர், 500 ரூபாய் கொடுத்தால் ஆதார் விவரங்களைப் பார்க்கும் வழி கிடைக்கிறது என்று எழுதினார். அவர் நுழைந்ததும் அனுமதியில்லாமல்தான். எனினும் ஒளிந்துகொள்ளவில்லை, தன் பெயரிலேயே அம்பலப்படுத்தினார். ஆதார் ஆணையத்தின் புகாரில் போட்ட எஃப்.ஐ.ஆரில் அவர் பெயரும் ஏறியது. ஓட்டையைக் காட்டியவரையும் அதை விற்றவரையும் ஒரே தாளில் எழுதியது பெரிய அநீதி.

இத்தனைக்கும் நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இந்த வேறுபாட்டை அறிந்ததுதான். 43-ஆவது பிரிவு, உரியவரின் அனுமதியின்றி நுழைந்தாலே இழப்பீட்டுப் பொறுப்பு என்கிறது. அதையே நேர்மையற்ற அல்லது மோசடியான எண்ணத்தோடு செய்தால்தான் 66-ஆவது பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆனால் எண்ணத்தை நிரூபிப்பது நீதிமன்றத்தில். அதற்கு முன்பே போலீஸ் ஸ்டேஷன், வக்கீல், வாய்தா எல்லாம் வந்துவிடுகின்றன.

அமெரிக்க நீதித்துறை 2022 மே மாதம், நல்லெண்ணத்தோடு செய்யும் பாதுகாப்பு ஆய்வுக்காக வழக்குத் தொடரக்கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்கு எழுத்திலேயே வழிகாட்டியது. நம் அரசும் அப்படி ஒன்றை எழுதித் தர வேண்டும். கணினி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: சோதித்துப் பார்க்கலாம் என்று அறிவித்திருக்கும் நிறுவனங்களின் கணினிகளைச் சோதியுங்கள். வேறெங்காவது ஓட்டை கண்ணில் பட்டால் அங்கேயே நின்று, உரியவருக்கோ, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் 'செர்ட்-இன்' (CERT-In) என்ற அரசு அமைப்புக்கோ எழுதுங்கள்.